பார் எங்கே கிடக்கிறது?

பாம்பனிலிருந்து தெற்கே, தீவுகளைத் தாண்டி, நாட்டுப் படகில் போய்க்கொண்டிருந்தோம். ராமேசுவரத்துக்காரர்கள் ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா. நடுவில் படகுக்காரப் பெரியவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். டிவி டவருக்கு முன்னால் எந்த மரக்கூட்டம் வந்து நிற்கிறது, லைட் ஹவுஸுக்கு நேரே எது வருகிறது என்று மனசுக்குள் இரண்டு கோடு இழுத்தார். கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில், "போடு" என்றார். தூண்டில் இறங்கியது. அடியில் பார் இருந்தது, கடலடிப் பாறைத்திட்டு.

இந்த வேலையைச் செய்யும் மூளைப் பகுதிக்குப் பெயரே கடல்குதிரைதான். ஹிப்போகேம்பஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அதுதான் பொருள், வடிவமும் அப்படியே. இந்தக் கடலில் வலையில் சிக்கும் அதே கடல்குதிரை. 1971இல் ஜான் ஓ'கீஃபும் அவருடைய மாணவரும், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை அங்கே கண்டார்கள். 2014இல் ஓ'கீஃபுக்கு நோபல் கிடைத்தது. லண்டன் தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு அந்தப் பகுதியின் பின்புறம் பெருத்திருப்பதாக 2000இல் எலினார் மகுவையர் காட்டினார். நம் கடலோடிகளின் மூளையையும் யாராவது அப்படிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தப் பகுதி இல்லாவிட்டால்? 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசனுக்கு இரண்டு பக்கமும் அதன் கணிசமான பகுதியை எடுத்துவிட்டார்கள். 2008இல் இறக்கும்வரை, சற்றுமுன் பேசியவரே அவருக்குப் புதியவர். ஆனாலும் கைவேலையைப் பழகப் பழகத் தேறினார். வலை பின்னும் விரலின் நினைவு வேறு, பாரின் நினைவு வேறு.

நாள்முழுக்கக் கண்டதைத் தூக்கத்தில் ஹிப்போகேம்பஸ் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது, நினைவு இறுகுகிறது. ராக்கண் விழித்துப் படிக்கும் பிள்ளைகள் இழப்பது இதைத்தான். படிக்கும் விதமும் முக்கியம்: திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே ஒரு வாரம் கழித்து அதிகம் நிற்கிறது. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் மாணவர்களை வைத்துச் சோதித்தது இது.

பெரியவருடைய படகிலும் ஜிபிஎஸ் உண்டு. பேரன் அதில் கைவைக்கப் போனான்.

"இருப்பா. மொதல்ல நீ சொல்லு, எங்கன கெடக்கு?"

பையன் கரையைப் பார்த்தான். டவரைத் தேடினான். கொஞ்ச நேரம் எடுத்தது. கையை நீட்டிக் காட்டினான்.

"இப்பப் போடு மெஷினை. பாப்போம்."