அஷ்டமியில் பிசகும் கணக்கு

1825ஆம் ஆண்டு மே மாதக் கடைசி நாள் இரவில் ஒரு சந்திர கிரகணம். அது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பதைப் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரிக்குக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியுமே கூட்டினார், கழித்தார், வகுத்தார். வேண்டிய வாய்பாடு முழுவதும் சொற்களாக அவர் மனத்துக்குள் இருந்தது. வாரன் சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்தவர், விஷயம் தெரிந்தவர். அதே ஆண்டு சென்னையில் அச்சான ‘கால சங்கலித’ என்ற நூலில் இதைப் பதிந்து வைத்தார். இந்த மனிதருக்கு வானியல் கொள்கை ஒன்றும் தெரியாது, நினைவாற்றல்தான் அபாரம் என்பது வாரனின் மதிப்பீடு. கிரகணம் தொடங்கும் நேரத்தில் சோழிக் கணக்கு 4 நிமிடம் பிசகியது. நடுநேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

தொலைநோக்கி இல்லாமல், வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வந்த விடை இது.

அந்தக் கணிப்பாளர் மனப்பாடம் செய்திருந்தவை சந்திர வாக்கியங்கள். மொத்தம் 248. வரருசி இயற்றியவை என்பது மரபு. ஒவ்வொன்றும் படித்தால் பொருள் தரும் சிறு சொற்றொடர். கடபயாதி முறைப்படி எழுத்துகளை எண்களாக மாற்றினால் நிலா அந்த நாள்வரை எவ்வளவு நகர்ந்திருக்கும் என்ற கோணம் கிடைக்கும். முதல் வாக்கியம் தருவது 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை).

அதென்ன 248? நிலா பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல. ஒரு பக்கம் சுமார் 3,63,000 கிலோமீட்டர் வரை நெருங்கி வரும்; எதிர்ப்பக்கம் சுமார் 4,05,000 கிலோமீட்டர் வரை விலகிப் போகும். கிட்டே வரும்போது வேகம் கூடும், எட்டப் போகும்போது குறையும். ஒருமுறை நெருங்கியதிலிருந்து மறுமுறை நெருங்கும்வரை சராசரியாக 27.55 நாள். இந்தப் பின்னத்தை வைத்துக்கொண்டு வாய்பாடு போட முடியாது. ஆனால் அதை 9 முறை அடுக்கினால் ஏறக்குறைய பிசிறில்லாமல் 248 நாள் வருகிறது. 110 முறை அடுக்கினால் 3,031 நாள், 449 முறை அடுக்கினால் 12,372 நாள். கலியுகத் தொடக்கத்திலிருந்து ஓடிவந்த நாட்கணக்கை இந்த எண்களால் வகுத்துத் தள்ளிவிட்டு, மிச்சம் எத்தனையோ அத்தனையாவது வாக்கியத்தைச் சொல்லி, தள்ளிய சுழற்சிகளுக்கான நகர்வையும் கூட்டினால் போதும். கேரளத்தின் சங்கமகிராம மாதவன் 14ஆம் நூற்றாண்டில் இந்த வாக்கியங்களை விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரைக்கும் துல்லியமாக்கினார். வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கபௌர் 1952இல் எழுதிய கட்டுரையில், இதே 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளிலும் இருப்பதைக் காட்டி, புதுச்சேரிச் சோழிகளை அந்த நெடிய சங்கிலியின் கடைசிக் கண்ணியாகப் பார்த்தார். நம்மூரில் இன்றும் அச்சாகும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடித்தளம் இதுதான்.

பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களில் திதிதான் பிறையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நிலவின் ஒரு பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. பிறை தேய்வது பூமியின் நிழலால் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நிழல் படுவது கிரகணத்தன்று மட்டும். மற்ற நாட்களில் வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி. அதைத் தீர்மானிப்பது நம் கண்ணிலிருந்து சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே விரியும் கோணம். சுழியம் பாகை என்றால் அமாவாசை, 180 என்றால் பௌர்ணமி. இந்த 360 பாகையை முப்பதாக வகுத்தால் கூறுக்கு 12 பாகை. அதுதான் ஒரு திதி. முதல் 12 பாகை வளர்பிறைப் பிரதமை, அடுத்த 12 துவிதியை, இப்படியே போகும். கணக்காகப் பார்த்தால் இது மிக நேர்த்தியான அளவுகோல். இதில் மூடநம்பிக்கை ஒரு துளியும் இல்லை.

நிலவின் வேகம் சீராக இல்லாததால் திதியின் நீளமும் சீராக இல்லை. சராசரி 23 மணி 37 நிமிடம். ஆனால் சில திதிகள் 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடும். சில 26 மணி நேரத்தையும் தாண்டி இழுக்கும். தினசரி காலண்டர் தாளில் ‘காலை 10.14 வரை அஷ்டமி, பின்பு நவமி’ என்பதுபோல ஒட்டாத நேரங்கள் வருவது இதனால்தான். சூரிய உதயத்தில் எந்தத் திதியோ அதுவே அன்றைய திதி என்பது பொது வழக்கம். அதனால் சில சமயம் ஒரே திதி இரண்டு நாளுக்குப் பெயர் கொடுக்கும். இரண்டு உதயங்களுக்கு நடுவே தோன்றி மறைந்து, எந்த நாளுக்கும் பெயர் கொடுக்காமலே ஒரு திதி போய்விடுவதும் உண்டு.

இதுவரை வந்தது நீள்வட்டத்தால் ஏற்படும் ஏற்ற இறக்கம். நிலவுக்கு இன்னொரு கோணலும் உண்டு. சூரியனின் ஈர்ப்பு நிலவின் பாதையைக் கொஞ்சம் இழுத்தும் அமுக்கியும் விளையாடுகிறது. இதனால் நிலா, எளிய கணக்கு சொல்லும் இடத்துக்கு முன்னேயோ பின்னேயோ 1.27 பாகை வரை நிற்கக்கூடும். கிரேக்க வானியலர் தாலமி இதை 2ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார். இந்தியாவில் 10ஆம் நூற்றாண்டில் முஞ்சாலர் ‘லகுமானஸ’த்தில் இதற்கொரு திருத்தம் தந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஒடிசாவின் கண்டபடாவில் பதானி சாமந்த சந்திரசேகர், மூங்கிலாலும் மரத்தாலும் செய்த கருவிகளைக் கொண்டே இதையும் வேறு இரண்டு திருத்தங்களையும் சொந்தமாகக் கண்டுபிடித்தார். வாக்கியங்களில் இந்தத் திருத்தம் இல்லை.

இல்லாமல் போனதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பழைய கணக்கர்கள் தங்கள் எண்களைச் சரிபார்த்தது கிரகணங்களை வைத்து. கிரகணம் நிகழ்வது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும். அந்த இரு நாட்களிலும் நீள்வட்டத்தால் வரும் 6.29 பாகை ஏற்ற இறக்கத்திலிருந்து இந்த இரண்டாவது கோணல் கழிந்து, சுமார் 5 பாகை மிஞ்சும். பழைய நூல்கள் சொல்லும் அளவும் சுமார் 5 பாகைதான். கிரகணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அரைநிலா நாட்களிலோ கதை தலைகீழ்: இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஏழரைப் பாகைக்கு ஏறிவிடும். வாக்கியம் அப்போதும் 5 என்றே கணக்கிடும். இடைவெளி இரண்டரைப் பாகை. மணிக்கு அரைப் பாகை வீதம் நிலா சூரியனை விட்டு விலகுகிறது என்பதால், அதிகபட்சம் ஐந்து மணி நேரம் வித்தியாசம் வரலாம்.

அரைநிலா வருவது அஷ்டமியின் நடுவில். 84 பாகையில் தொடங்கி 96இல் முடியும் திதி அது. சரியாக 90இல் நிலா பாதியாகத் தெரியும். தேய்பிறையிலும் அப்படியே. ஆக, ஊரே பயந்து தள்ளிவைக்கும் அஷ்டமியில்தான் வாக்கியப் பஞ்சாங்கமும் நவீன வானியல் எண்களைக் கொண்டு போடப்படும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் அதிகம் முரண்படுகின்றன. எல்லா அஷ்டமியிலும் ஐந்து மணி நேரம் அல்ல. நிலா பாதையில் நிற்கும் இடத்தைப் பொறுத்து சில அஷ்டமிகளில் வித்தியாசமே இருக்காது. ஆனால் இருக்கும்போது விஷயம் வேடிக்கையாகிவிடும். ஒருவர் அஷ்டமி கழிந்தது என்று கடை திறக்கும் அதே நேரத்தில், வேறொரு பஞ்சாங்கத்தைப் பார்க்கும் பக்கத்துக் கடைக்காரருக்கு இன்னும் அஷ்டமி. நிலா எங்கே இருந்தது என்பதில் இன்று சந்தேகத்துக்கே இடமில்லை. அப்போலோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதன் தூரத்தைச் சென்டிமீட்டர் அளவில் அளக்கிறோம். அப்படியென்றால் அந்த ஐந்து மணி நேரத்தில் தவறான பஞ்சாங்கத்தை நம்பியவருக்கு ஏதாவது கெடுதல் நேர்ந்திருக்க வேண்டும். நேர்ந்ததாக இரு தரப்பும் சொல்வதில்லை.

திதிகளுக்குச் சொல்லும் பலன்களைக் கவனித்தால், அவை வானத்திலிருந்து இறங்கியவையாகத் தெரியவில்லை. முகூர்த்த நூல்கள் திதிகளை நந்தா, பத்ரா, ஜயா, ரிக்தா, பூர்ணா என்று ஐந்தைந்தாகச் சுழற்றி வகுக்கின்றன. பிரதமை, சஷ்டி, ஏகாதசி மூன்றும் ஒரே வகை. வானத்தில் இந்த மூன்று பிறைகளுக்கும் பொதுவான அம்சம் எதுவும் கிடையாது. விரல்விட்டு எண்ணிய கணக்கு அது. அந்த வகைப்பாட்டில் அஷ்டமி ‘ஜயா’, அதாவது வெற்றித் திதி! வேறு பட்டியலில் அதுவே விலக்க வேண்டிய திதி. வளர்பிறை நல்லது, தேய்பிறை ஆகாது என்கிறோம். வளர்பிறைத் தசமி நிலவும் தேய்பிறைச் சஷ்டி நிலவும் பூமிக்குத் தரும் ஒளி ஏறத்தாழ ஒரே அளவுதான். அமாவாசையை வட இந்தியாவில் பலரும் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தவிர்க்கிறார்கள். இங்கே ‘நிறைஞ்ச அமாவாசை’ என்று வண்டி வாங்குகிறோம், படத்துக்குப் பூஜை போடுகிறோம். இலங்கையில் பௌர்ணமிதோறும் போயா விடுமுறை, மதுக்கடைக்கும் சேர்த்து. நிலா ஒன்றுதான்.

சந்திராஷ்டமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் நிலா இருக்கும் இரண்டேகால் நாள். வாயைத் திறக்காதே, பயணம் போகாதே என்று காலையில் தொலைக்காட்சி எச்சரிக்கும். எந்த நிமிடத்தை எடுத்தாலும் மனித குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 65 கோடிப் பேருக்கு மேல், இதில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். விபத்துப் பட்டியலில் அது தெரியாமலா போகும்?

ஜாதகத்தில் பஞ்சாங்க வித்தியாசம் இன்னும் கடுமையாகக் கடிக்கும். நம் ஜோதிடத்தில் பிறந்த நேரத்து நிலவின் இடம்தான் நட்சத்திரத்தையும், தசை இருப்பையும் (முதல் தசையில் மிச்சமிருக்கும் காலம்) முடிவு செய்கிறது. ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை. பரணியிலோ பூரத்திலோ பூராடத்திலோ பிறந்தவருக்கு முதலில் வருவது 20 வருடச் சுக்கிர தசை. நிலவின் இடம் 2 பாகை மாறினால் அதன் இருப்பு மூன்று வருடம் மாறும். பின்னால் வரும் அத்தனை தசைகளும் மூன்று வருடம் நகரும். கல்யாணம், வேலை, கண்டம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சொல்லப்படுகின்றன. இரண்டு பஞ்சாங்கங்களில் ஒன்று தவறு என்றால், அதை வைத்துச் சொல்லும் ஜோதிடர்களின் பலன் இத்தனை காலத்தில் வெளிப்படையாகப் பொய்த்திருக்க வேண்டுமே. இரு தரப்புக்கும் வாடிக்கையாளர் குறையவில்லை. என் கண்ணுக்கு இதுவே பலமான சான்று. இன்னும் முறையான சோதனை வேண்டுவோருக்கு வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகரின் குழு புனேயில் நடத்தியது இருக்கிறது. அறிவுக்கூர்மை மிக்க பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு வகையினரின் 200 ஜாதகங்கள். 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 கொடுத்து எது எந்த வகை என்று கேட்டார்கள். சராசரியாகச் சரியானது 46 சதவீதம். காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் 50 வந்திருக்கும்.

அப்படியானால் நிலவுக்கு நம்மேல் எந்தப் பிடியும் இல்லையா? கடல் மேல் இருக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றவற்றம் பெரிது. அஷ்டமியை ஒட்டி அது அடங்கியிருக்கும். கடலை நம்பிப் பிழைப்பவருக்கு இந்தத் திதிக் கணக்கு ஜோதிடமல்ல, வேலை. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஆண்டுக்கொருமுறை பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பவளங்கள் ஒருசேர முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன. ‘உடம்பிலும் முக்கால் பங்கு தண்ணீர்தானே, அதை நிலா இழுக்காதா’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கடல் பொங்குவது அது தண்ணீர் என்பதால் அல்ல, பூமியின் அகலத்துக்குப் பரந்து கிடப்பதால். பூமியின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் நிலவின் இழுப்பு வேறுபடுகிறது. ஐந்தரை அடி மனிதரின் தலைக்கும் காலுக்கும் அந்த வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். ஏரியே பொங்குவதில்லை.

பௌர்ணமியில் பிரசவம் கூடும் என்ற நம்பிக்கை மருத்துவமனைகளில்கூட உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 62 பிறைச் சுழற்சிகளில் நடந்த 5,64,039 பிரசவங்களை அலசி 2005இல் வெளியான ஆய்வு, எந்தப் பிறைக்கும் எந்தக் கூடுதலும் காணவில்லை. தூக்கத்தில் மட்டும் சங்கதி இருக்கலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வகத்தில் 33 பேரின் தூக்கப் பதிவுகளை வைத்து 2013இல் வந்த முடிவு, பௌர்ணமியை ஒட்டி தூக்கம் 20 நிமிடம் குறைகிறது என்றது. பிறகு வந்த சில பெரிய ஆய்வுகளில் அது தென்படவில்லை. 2021இல் வெளியானது இன்னும் சுவாரசியம். அர்ஜென்டினாவில் கோம் பழங்குடியினரின் கையில் பட்டைக் கருவி கட்டிப் பார்த்தார்கள். மிகத் தாமதமாகத் தூங்கி, மிகக் குறைவாகத் தூங்கியது பௌர்ணமியன்று அல்ல, அதற்கு மூன்று முதல் ஐந்து நாள் முன்பு. அந்த நாட்களில்தான் பொழுது சாயும்போதே நிலா உச்சியை நோக்கி ஏறியிருக்கும், முன்னிரவு முழுவதும் வெளிச்சம் இருக்கும். பௌர்ணமிக்குப் பிறகோ நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழுகிறது, முன்னிரவு இருட்டிவிடும். மின்சாரம் இல்லாத ஊரில் விளைவு கூடுதலாகத் தெரிந்தது. ஆச்சரியம், சியாட்டில் நகரக் கல்லூரி மாணவர்களிடமும் அதே பாங்கு மங்கலாகத் தெரிந்தது. காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

பஞ்சாங்கக் குழப்பத்தைத் தீர்க்க அரசு முயன்றதுண்டு. 1952இல் இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. நவீன எண்களைக் கொண்டே கணிக்க வேண்டும் என்றது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி வந்தது, ராஷ்டிரிய பஞ்சாங்கமும் ஆண்டுதோறும் வருகிறது. பல கோயில்கள் அசையவில்லை. 2025 மார்ச் 29இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேசியபோது, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் எங்களுக்குப் பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. சனியில் பிசகு ஏறக்குறைய ஓராண்டு. நிலவில் சில மணி நேரம். அந்தச் சில மணி நேரமும் பெரும்பாலும் அரைநிலாவை ஒட்டித்தான் என்பதால், அமாவாசைத் தர்ப்பணத்துக்குக் காவிரிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகிறவர்கள் எந்தப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருந்தாலும் பெரிய பழுதில்லை.