பத்து வயது, 140 சென்டிமீட்டர்: ஒரு கார் சீட் கணக்கு

லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம். சென்னையிலிருந்து ஐரோப்பா கிளம்பும் குடும்பங்களுக்குப் பழகிய பாதை இது. பத்து வயது நிறைந்த, 140 செ.மீ. உயரமுள்ள ஒரு சிறுமியும் அவளுடைய மூன்று வயதுத் தம்பியும் பெற்றோரோடு வாடகைக் காரில் இந்த வழியே போவதாக வைத்துக்கொள்வோம். தம்பிக்கு எல்லா நாட்டிலும் கார் சீட் வேண்டும். அதில் குழப்பமில்லை. கணக்கு மாறுவது அக்காவுக்குத்தான்.

பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை சீட் கட்டாயம். அவள் அந்த உயரத்தைத் தாண்டிவிட்டாள். பிரான்சில் பத்து வயதோடு கட்டாயம் முடிகிறது. சுவிஸ் எல்லைக்குள் நுழைந்ததும் 12 வயது அல்லது 150 செ.மீ. என்றாகிவிடுகிறது, அவளுக்கு பூஸ்டர் சீட் வேண்டும். இத்தாலியில் வயதைக் கேட்பதே இல்லை, 150 செ.மீ. ஆகும்வரை சீட்தான். நான்கு நாடுகள், ஒரே குழந்தை. இரண்டில் வேண்டாம், இரண்டில் வேண்டும்.

இந்த இரட்டைக் கணக்கு 2003ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவிலிருந்து வருகிறது. பொது அளவு 150 செ.மீ.; விரும்பும் நாடுகள் அதை 135 வரை இறக்கிக்கொள்ளலாம். உயரத்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. காரின் பெல்ட் பெரியவர்களின் உடம்புக்கு அளவெடுத்தது. குள்ளமான குழந்தைக்கு இடுப்புப் பட்டை அடிவயிற்றில் ஏறிக்கொள்கிறது, தோள் பட்டை கழுத்தை அறுக்கிறது. பூஸ்டர் குழந்தையைச் சற்று உயர்த்தி, பட்டையை இடுப்பெலும்பிலும் தோளிலும் படியவைக்கிறது. அதனால் என் யோசனை இது: பயணத்தில் வரும் நாடுகளில் எது மிகக் கடுமையான அளவோ, முதல் நாளிலிருந்தே அதையே பின்பற்றுங்கள்.

அபராதத்தைப் பார்த்தால் பிரிட்டனில் நீதிமன்றம் போனால் 500 பவுண்டு வரை, பிரான்சில் 135 யூரோ, சுவிட்சர்லாந்தில் 60 பிராங்க். ஜெர்மனியில் குழந்தையை எதிலும் பூட்டாமல் கூட்டிப்போனால் 60 யூரோவும் ஓட்டுநர் கணக்கில் ஒரு புள்ளியும். நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ தகுந்த சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய்.

ஆனால் பெற்றோர் பார்க்கவேண்டிய எண் வேறு. மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். மோதலில் அந்த வேகம் பத்தில் ஒரு நொடியில் பூஜ்யமானால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அது இல்லை. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, சரியான சீட் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 சதவீதமும், ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளின் உயிரிழப்பை 54 சதவீதமும் குறைக்கிறது.

டாக்ஸிக்கு வந்தால் சட்டம் தளர்ந்துவிடுகிறது. பிரிட்டனில் டாக்ஸிக்காரரிடம் தகுந்த சீட் இல்லையென்றால் மூன்று வயது நிறைந்தவர்கள் பெரியவர்களின் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்காரலாம். அதற்குக் கீழே உள்ளவர்கள் பெல்ட்கூட இல்லாமல் பின்சீட்டில் போகலாம். இத்தாலியில் 16 வயதாவது நிறைந்த ஒருவர் கூட இருந்தால் பின்சீட்டில் விலக்கு. நம்மவர்கள் அதிகம் போகும் சிங்கப்பூரில் இன்னொரு நுணுக்கம்: 1.35 மீட்டருக்குக் கீழ் சீட் வேண்டும் என்ற விதியிலிருந்து டாக்ஸிக்கு மட்டுமே விலக்கு. கிராப் செயலியில் வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. சீட் உள்ள காருக்கு ‘கிராப் ஃபேமிலி’ என்று தனியாகவே பதிவுசெய்ய வேண்டும். விலக்கு என்பது அபராதத்திலிருந்து மட்டும்தான். விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரையான அந்த நெடுஞ்சாலையில்தான் வண்டி வேகமாகப் போகிறது.

இனி செலவு. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வாடகை நிறுவனம் ஒரு சீட்டுக்கு நாளுக்கு 10 யூரோ கேட்டால், இரண்டு சீட்டுக்கு 14 நாளில் 280 யூரோ. அங்கேயே கடையில் தம்பிக்கு 100 யூரோவில் ஒன்றும் அக்காவுக்கு 30 யூரோவில் ஒரு பூஸ்டரும் வாங்கினால் 130. ஏழாவது நாளிலேயே வாடகை அதைத் தாண்டிவிடும். சில நிறுவனங்கள் சீட் வாடகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கும், அதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். முன்பதிவு செய்திருந்தாலும் கவுண்டரில் சீட் கைவசம் இல்லாமல் போவதுண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து எடுத்துப்போவது மூன்றாவது வழி. பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழந்தையின் கார் சீட்டுக்குத் தனிக்கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் கனமான மாடல்கள் 10 கிலோவைத் தாண்டும். சரக்கு அறையில் அடிபட்டு உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது.

எடுத்துப்போவதானால் முதலில் சீட்டைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். ஆரஞ்சு நிற வில்லையில் வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், ஆர்44 அல்லது ஆர்129 என்ற விதி எண்ணும் இருந்தால் ஐரோப்பாவில் செல்லும். அதே சீட் ஆஸ்திரேலியாவில் செல்லாது. அங்கே அந்நாட்டின் 1754 என்ற தர எண் பெற்ற சீட் மட்டும்தான். அமெரிக்காவுக்கும் தனித் தரம். இந்த இரண்டு நாடுகளுக்கும் போகிறவர்கள், குறிப்பாக மகன், மகள் வீட்டில் பல வாரம் தங்கப் பேரக்குழந்தையோடு போகும் தாத்தா பாட்டிகள், சீட்டை அங்கேயே வாங்கச் சொல்லிவிடுவது நல்லது.

இத்தாலிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. 2019 நவம்பரிலிருந்து நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் சீட்டில், குழந்தையைக் காரிலேயே மறந்துவிட்டுப் போகாமல் எச்சரிக்கும் கருவி இருக்கவேண்டும். வாடகைக் கார் எடுக்கும்போது தம்பியின் சீட்டில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கவுண்டரில் சாவி கொடுத்ததும் அவசரமாகக் கிளம்பவேண்டாம். சீட்டை மாட்டியபின், பெல்ட் அதைச் சுற்றிப் போகும் இடத்தில் கைவைத்து அசைத்துப் பாருங்கள், இரண்டரை செ.மீ.க்கு மேல் ஆடினால் பெல்ட்டை இறுக்கவேண்டும். குளிருக்காகப் போட்டுவிட்ட தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையைப் பூட்டுங்கள். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கி, இறுக்கமாக இருந்த பட்டை தளர்ந்துவிடும். தோளருகே பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபடக் கூடாது. ஜாக்கெட்டைப் பிறகு மேலே போர்த்திவிடலாம்.