சுப்ரீம் கமாண்டர்: ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கணக்கு

இன்னைக்கு 2007-ல் வந்த சுப்ரீம் கமாண்டர். டோட்டல் அனிஹிலேஷனைச் செய்த கிறிஸ் டெய்லர் மறுபடியும் எடுத்த ரியல்-டைம் ஸ்ட்ராட்டஜி கேம்.

எல்லாரும் புகழறது இதோட ஜூமைத்தான். மவுஸ் வீலை உருட்டினா, ஒரே ஒரு டாங்கியிலிருந்து மொத்த மேப்புக்கும் போயிடலாம். ஆனா அவ்வளவு தூரம் விலகினா தெரியறது வெறும் ஐகான்கள்தான். பாவம், அந்த ராட்சத ரோபோக்களை வரைஞ்சவங்க!

எனக்குப் பிடிச்சது பீரங்கி. நிறைய கேம்களில் சுட்டா, பட்டதா இல்லையான்னு பகடை உருட்டி முடிச்சிடுவாங்க. இங்கே குண்டு உண்மையாவே பறக்கும். டாங்கி நகர்ந்துட்டா தவறும், குறுக்கே மலை இருந்தா அதில் மோதும்.

இதுக்குத்தான் விலை கொடுக்கறோம். மல்டிபிளேயரில் நெட்வொர்க் வழியா போறது நம்ம கட்டளைகள் மட்டும்தான். முழுப் போரையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியா கணக்குப் போடணும். யாரும் முந்தவும் முடியாது. அதனால எட்டு பேரில் ஒருத்தரோட லேப்டாப் திணறினா, எட்டு பேருக்கும் கேம் நத்தை வேகத்தில் நகரும். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியும் பெருசா பிரயோஜனமில்லை. சுமை ப்ராசஸர் மேல, அதுவும் பெரும்பாலும் ஒரே கோர் மேல.

இன்னொண்ணு, எனர்ஜி. அது தீர்ந்தா கட்டுமானம் மந்தமாகும், ஷீல்டும் அணைஞ்சிடும். புதுசா வர்றவங்க பாதிப் பேர் எதிரியால இல்லை, இதனாலதான் தோற்பாங்க.

நண்பர்களோட ஆடப்போறீங்கன்னா சின்ன மேப் எடுங்க, யூனிட் வரம்பையும் குறைச்சு வெச்சுக்கோங்க.