ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்: ரேஸ் காருக்கு ஓகே... ரோட்டில் ஓடும் காருக்கு ஏன் ஆபத்து?

2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது ரசிகர்களுக்கு நினைவிருக்கும். அந்த அணி ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அதன் ஜன்னல்களில் இருப்பது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்.

எதற்காக இந்த மாற்றம்? எல்லாம் எடைக்காகத்தான். 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி சுமார் 10 கிலோ இருக்கும். அதே அளவு பாலிகார்பனேட் 5 கிலோவுக்கும் குறைவு. ஒரு காரில் மொத்தம் 3 சதுர மீட்டர் கண்ணாடி இருப்பதாக வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 15 கிலோ மிச்சம். ஜன்னலை ஏற்றி இறக்கும் மோட்டாரையும் கழற்றிவிட்டால் இன்னும் குறையும். 15 கிலோ பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்த எடை காரின் மேல்பாதியில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அது குறைந்தால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும், வளைவில் கார் சாய்வது குறையும்.

இது புது ஐடியாவும் அல்ல. 1967ல் போர்ஷே உருவாக்கிய 911 ஆர் காரின் எடையே சுமார் 800 கிலோதான். அதன் பக்க ஜன்னல்களில் அக்ரிலிக் வகை பிளாஸ்டிக்கைப் பொருத்தினார்கள். ஃபெராரி எஃப்40 காரின் ஆரம்பகால மாடல்களில் தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக் ஜன்னல்கள் இருந்தன. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் முன்பக்கக் கண்ணாடிகூட பாலிகார்பனேட்தான்.

அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் குணம் வேறு. அக்ரிலிக் பலமாக அடிபட்டால் கூரான துண்டுகளாக உடையும். பாலிகார்பனேட் வளையும், பள்ளம் விழும், லேசில் உடையாது. எதிரே போகும் காரின் டயர் கல்லை வாரி அடித்தாலும் தாங்கும். விலை குறைவு என்று கடையில் அக்ரிலிக் ஷீட் வாங்கி மாட்டுவது சரியான தப்பு.

அப்படியென்றால் குறையே இல்லையா?

நிறைய இருக்கிறது. முதல் பிரச்சினை கீறல். பாலிகார்பனேட் மென்மையான பொருள். தூசியோடு வைப்பரை ஓட்டினால் கோடு விழும். அதனால்தான் மேலே கடினமான பூச்சு கொடுக்கிறார்கள். நாஸ்காரில் முன்கண்ணாடி மேல் மெல்லிய பிலிம்களை அடுக்கி ஒட்டி, பிட் ஸ்டாப்பில் ஒவ்வொன்றாக உரித்து எடுப்பார்கள். அம்மோனியா கலந்த கிளீனர், பெட்ரோல், அசிட்டோன் பட்டால் நுண்விரிசல் விடும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

அடுத்தது வெயில். சூட்டில் பாலிகார்பனேட் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு அதிகமாக விரியும். 40 டிகிரி வெப்பம் கூடினால் ஒரு மீட்டர் ஷீட் கிட்டத்தட்ட 2.7 மில்லிமீட்டர் நீளும். போல்ட் துளையைக் கச்சிதமாகப் போட்டு இறுக்கினால், அந்தத் துளையில் இருந்தே விரிசல் கிளம்பும். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைப்பது இதனால்தான். வளையும் தன்மையும் அதிகம் என்பதால், வேகத்தில் காற்று ஜன்னலை வெளியே உறிஞ்சும். பின்பக்கத்தில் உலோகப் பட்டைகளைக் குறுக்கே வைத்துப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம்.

உடையாததே ஆபத்தாகும் இடம்

சாதாரண காரின் பக்க ஜன்னல்களில் பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி இருக்கும். கூர்முனை சுத்தியலால் ஓரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தால் சிறுசிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். கார் வெள்ளத்தில் சிக்கினாலோ, தீப்பிடித்துக் கதவு திறக்காமல் போனாலோ உயிர் தப்பும் வழி அதுதான். பாலிகார்பனேட்டில் அதே சுத்தியல் துள்ளித் திரும்பும். போல்ட் போட்டு மூடிய ஜன்னல் இறங்கவும் செய்யாது. வெளியே நிற்பவர்கள் கல்லை எடுத்து அடித்தாலும் பயனில்லை.

ரேஸ் டிராக்கில் இதற்கு மாற்று ஏற்பாடு இருக்கிறது. ஓட்டுநர் தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், பல முனை சீட் பெல்ட்டோடு இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறார். நாஸ்காரில் ஓட்டுநர் பக்க ஜன்னலில் கண்ணாடியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. வலை மட்டும்தான், இழுத்தால் கழன்றுவிடும். தீயணைப்புக் குழு சில நொடிகளில் ஓடி வரும். குடும்பத்தோடு இரவில் நெடுஞ்சாலையில் போகும் காருக்கு இதில் எதுவும் கிடையாது. பின்சீட்டில் குழந்தை இருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் இதை விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 100ன்படி ஜன்னலில் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி போன்றவைதான் இருக்க வேண்டும். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். தரச்சான்று இல்லாத ஷீட்டை வெட்டி மாட்டினால் இதில் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டுவதற்காகத் தனியாக ஒரு காரைத் தயார் செய்கிறவர்கள், அந்தப் பிரிவின் விதிமுறையில் பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பக்கத்தில் பிளாஸ்டிக்கை அனுமதித்தாலும் முன்னால் லேமினேட்டட் கண்ணாடியே வேண்டும் என்று கேட்கும் போட்டிகள் உண்டு. அப்படித் தயாரான காரை வீட்டிலிருந்து டிராக் வரை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. டிரெய்லரில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும்.