தண்ணி ஊத்தாம வெட்டித் தர்றோம் ஸார்!

"ஸார், ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாம உங்க சுவரை வெட்டித் தர்றோம்!"

போனில் நான் எடுத்துவிட்ட இந்த ஒரே டயலாக்கில் ஆர்டர் விழுந்துவிட்டது. அல் அய்ன் ஊரில் ஒரு வில்லா. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கிற கான்க்ரீட் சுவரில் ஒரு வாசல் திறக்க வேண்டும். கூடவே ஸ்ப்ளிட் ஏ.ஸி. பைப் போக எட்டுத் துளைகள். மேனேஜர் என் முதுகில் தட்டி, ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் மோர் எடுத்து நீட்டினார். அவர் கையால் மோர் வாங்கிக் குடித்தவர்கள் எங்கள் ஆபீஸில் ரொம்பக் குறைவு.

துபாய் அல் கூஸ் ஏரியாவில், கான்க்ரீட் வெட்டும் கம்பெனி ஒன்றில் கொட்டேஷன் போடுகிறவன் நான். "கான்க்ரீட் போடறதுக்கு கம்பெனி உண்டு, சரி... வெட்டறதுக்குமாடா?" என்று ஊரில் மாமா கேட்டார். உண்டு மாமா! இந்தப் பாலைவன ஊர்களில் தரை, சுவர், கூரை, காம்பவுண்டு எல்லாமே கான்க்ரீட். பையனுக்குக் கல்யாணமானால் ஒரு ரூம் சேர்க்க வேண்டும். பழைய ஜன்னல் ஏ.ஸி. போய் ஸ்ப்ளிட் வந்தால் சுவரில் ஓட்டை வேண்டும். தரைக்கடியில் பைப் வெடித்தால் தரையையே திறக்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால் வேண்டிய இடம் உடைவதற்குள் வேண்டாத இடத்தில் விரிசல் விட்டுவிடும். அதனால் வைரம் பதித்த பிளேடால் அறுப்போம்.

வைரம் என்றால் வைரமேதான். பிளேடின் ஓரத்தில், உலோகத் தூளில் வைரப் பொடியைக் கலந்து சுட்ட துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள். உலோகம் தேயத் தேய உள்ளேயிருந்து புது வைரம் தலைநீட்டும். எல்லாம் செயற்கை வைரம். 1954 கடைசியில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய சங்கதி. இதை அம்மாவிடம் விளக்கியது என் தப்பு. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் துபாய்ல வைரத்துல இருக்கான்" என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் காபியோடு முந்திரி பக்கோடாவும் வந்தது. உண்மை தெரிந்த பிறகு பதிலே வரவில்லை!

நிற்க. வேலை ஆரம்பிக்கிற நாளுக்கு முந்தின சாயந்திரம் மேனேஜர் கூப்பிட்டார். "நீ போட்ட கொட்டேஷன்தானே? நாளைக்கு நீயும் சைட்டுக்குப் போ. ஏ.ஸி. ரூம்லயே உக்காந்திருந்தா கான்க்ரீட்டுக்கு எந்தப் பக்கம் தலைன்னு தெரியாது."

மூன்று வருஷ சர்வீஸில் நான் சைட்டுக்குப் போனது இரண்டே தடவை. ஒரு தடவை செக் வாங்க. இன்னொரு தடவை பிரியாணி சாப்பிட.

விடியற்காலை மூன்றரைக்கு வேன். ஜூன் மாதக் கடைசி. அந்த இருட்டிலும் வெளியே நின்றால் கண்ணாடியில் ஆவி படிகிற புழுக்கம். முன் ஸீட்டில் எங்கள் ஆபரேட்டர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நேபாளத்துப் பையன் உள்பட எல்லோருக்கும் அவர் 'பரமக்குடி அண்ணே'. ஐம்பதைத் தாண்டியவர். அதில் இருபத்தைந்து வருஷம் கையில் மெஷின்.

வழியில் என் கொட்டேஷனை வாங்கிப் பார்த்தார். டார்ச் வெளிச்சத்தில் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"'தண்ணியில்லாமல்'னு இருக்கே... இத எழுதினது யாரு தம்பி?"

"நான்தாண்ணே. கஸ்டமர் கேட்டார். பக்கத்துலதான் மஜ்லிஸ், விலை கூடின கார்ப்பெட்டு..."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால்கூட தூங்கியிருப்பேன். மிச்ச தூரம் முழுக்க முழித்துக்கொண்டே போனேன்.

அல் அய்ன் துபாய்க்கு உள்பக்கம். கடல் கிடையாது. காய்ந்த சூடு. ஜெபல் ஹஃபீத் மலை மொட்டைத்தலையோடு நிற்கும். கொஞ்சம் தள்ளி இருக்கிற சுவைஹானில்தான் 2025 மே 24-ம் தேதி 51.6 டிகிரி அடித்தது. நாங்கள் போய் இறங்கினபோது மணி ஐந்தேகால். வெயில் வருவதற்கு முன்னாலேயே அந்த வீட்டுச் சுவர் வெதுவெதுவென்று இருந்தது. முந்தின நாள் குடித்த வெயிலை இன்னும் கக்கி முடிக்கவில்லை.

வீட்டுக்காரர் வயதானவர். வெள்ளைக் கந்தூரா, கையில் ஜெபமாலை, முகம் நிறையச் சிரிப்பு. தட்டு நிறையப் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் கொண்டுவரச் சொன்னார். அரபியும் உருதுவும் கலந்த அந்த ஊர் பாஷையில் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அர்பாப், கொஞ்சம் தண்ணி விட்டு வெட்டினா நல்லாயிருக்கும்..."

அவர் உள்ளே போய் என் கொட்டேஷனின் காப்பியை எடுத்து வந்தார். கம்பெனி ஸீல், என் கையெழுத்து. அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. "நீதானே எழுதியிருக்கே?" என்று அதே சிரிப்போடு கேட்டார்.

நானேதான்!

அப்போதுதான் என் புத்திசாலி மூளை ஒரு சமரசத்தைக் கண்டுபிடித்தது. "ஒரு அடி மட்டும் தண்ணியில்லாம வெட்டிக் காட்டுவோம். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்" என்றேன். அவரும் சரி என்றார். சின்ன கட்டிங் மெஷினை எடுக்க நேபாளப் பையன் குனிந்தான். அண்ணன் அவன் கையைப் பிடித்தார்.

"நீ வெளிய போ. நான் பாத்துக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "சின்னப் பய தம்பி. என் நெஞ்சு ஏற்கெனவே பார்த்த தூசிதான்" என்றார்.

பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கும் ஒன்று. அதைப் போட்டதும் மூஞ்சியை யாரோ குக்கருக்குள் வைத்து மூடினமாதிரி இருந்தது. இந்த வெயிலில் பல பேர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தலைத்துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது ஏன் என்று அந்த நிமிஷம் புரிந்தது. துண்டு பெரிய தூசியைத்தான் நிறுத்தும். நெஞ்சின் ஆழம்வரை போகிற தூசி கண்ணுக்கே தெரியாது.

மெஷின் அலறியது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அறையில் அண்ணனைக் காணோம், சுவரைக் காணோம், என் கையை நீட்டினால் கையையே காணோம். ஒரே வெள்ளை. கதவிடுக்கில் ஒட்டின பிளாஸ்டிக்கை மீறி மஜ்லிஸுக்குள்ளும் புகுந்துவிட்டது. தூசி அடங்கினதும் எட்டிப் பார்த்தேன். பேரீச்சம்பழம் எல்லாம் சர்க்கரையில் புரட்டினமாதிரி உட்கார்ந்திருந்தது. கஹ்வா கூஜாவுக்குப் பவுடர் அபிஷேகம். கார்ப்பெட்டில் சிவப்பு என்று ஒரு நிறம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. பெரியவருக்கு மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் ஏற்கெனவே வெள்ளைதான்!

"ஹலாஸ்! ஹலாஸ்! தண்ணி ஊத்து... எவ்வளவு வேணும்னாலும் ஊத்து!"

நான் சிரித்துவிட்டேன். கேஸ் ஜெயித்த சந்தோஷம். சிரித்துக்கொண்டே வெளியே வந்தால், அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். மாஸ்க் போட்டும் இருமல். ஒன்று, இரண்டு அல்ல. முதுகு வளைந்து வளைந்து நிமிர்ந்தது. நேபாளப் பையன் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றான். அவன் நின்ற விதத்தில், இது அவனுக்குப் பழக்கம் என்று தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "இந்த மாஸ்க்கெல்லாம் இப்ப வந்தது தம்பி. நான் வந்த புதுசுல ஒண்ணும் கிடையாது. ஆறேழு வருஷம் காய்ஞ்ச வெட்டுதான். சாயந்தரம் மூக்கச் சிந்துனா சிமென்ட்டாவே வரும். வேலை செஞ்சதுக்கு அதான் அடையாளம்னு நெனச்சுக்குவோம். போன தடவ ஊருக்குப் போனப்ப மதுரையில காட்டுனேன். எக்ஸ்ரேயப் பாத்துட்டு டாக்டரு, 'எத்தனை வருஷமா சிகரெட்?'ன்னாரு. நான் பீடிகூடத் தொட்டதில்ல."

அவருடைய பயம் நோய் மட்டுமில்லை. அமீரகத்தில் விசா புதுப்பிக்க மெடிக்கல் உண்டு. டி.பி. இருக்கிறதா என்று பார்க்க மார்பு எக்ஸ்ரே. மெடிக்கலுக்கு முந்தின ராத்திரி அவர் தூங்குவதில்லையாம். மூத்த பெண் நர்ஸிங் இரண்டாம் வருஷம். பையன் பிளஸ் டூ.

கான்க்ரீட்டில் மணலும் ஜல்லியும் இருக்கிறது. அதில் சிலிகா. வெட்டும்போது பறக்கிற மிக நுண்ணிய சிலிகா நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து தழும்பாகிறது. பெயர் சிலிகோஸிஸ். வந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. புற்றுநோயும் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2016-ல் போட்ட விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரி 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூசி இருக்கக் கூடாது. 50 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? தூள் உப்பில் ஏறக்குறைய ஒரே ஒரு பரல்! இதெல்லாம் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தது. கொட்டேஷன் எழுதும் முன்பு படித்திருக்க வேண்டியது.

சரி, தண்ணீர் வந்ததும் வேலை எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும். அதைப் பார்க்கத்தான் நான் மூன்றரை மணிக்கு எழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சுவர் செங்கலோ ஹாலோ பிளாக்கோ இல்லை. ஃபேக்டரியிலேயே வார்த்துக் கொண்டுவந்து நிறுத்திய பலகைச் சுவர், மேல் மாடியைத் தாங்குவதே அதுதான். இஞ்சினீயர் வரைபடமும் முனிசிபாலிட்டி அனுமதியும் முன்பே வாங்கி, இரண்டு பக்கமும் இரும்பு முட்டு கொடுத்திருந்தார்கள். அண்ணன் முதலில் ஸ்கேனரைச் சுவரில் உருட்டி, உள்ளே கம்பி ஓடும் இடத்தையும் கரண்ட் குழாயையும் சாக்பீஸால் வரைந்தார். மெயினை அணைத்தார். பிறகு நாலு மூலையிலும் துளை.

மூலையில் எதற்குத் துளை? வட்டத் தட்டை வைத்துத் தோசையில் சதுரம் வெட்டிப் பாருங்கள். மூலைவரை வெட்ட வேண்டுமானால் தட்டு கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சுவரில் அப்படித் தாண்டினால், தாங்க வேண்டிய கம்பியும் சேர்ந்து அறுந்துவிடும். அதனால் துளை வரைக்கும் பிளேடு. மூலையில் மிச்சமிருப்பதை வைரச் சங்கிலி மாட்டிய ரம்பம் முடித்துவைக்கும்.

சுவரில் தண்டவாளம் மாதிரி ஒரு இரும்புச் சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கி, அதில் மெஷினை ஏற்றினார். முதல் ஓட்டத்தில் மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. பிளேடின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீச்சியது. தூசி எல்லாம் சாம்பல் நிறக் கூழாக வழிந்தது. சுவரடியில் பாத்தி கட்டி, பையன் வேக்குவத்தால் உறிஞ்சிக்கொண்டே இருந்தான். இந்த ஊர்ச் சூட்டில் பத்து நிமிஷம் விட்டால் காய்ந்து தரையோடு ஒட்டிவிடும். சாக்கடையில் ஊற்றினால் பைப்புக்குள்ளேயே கெட்டியாகிவிடும். கையில் பட்டாலும் விடாது, சுண்ணாம்பு மாதிரி அரிக்கும்.

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் காலை ஒன்பதுக்கே கை வைக்க முடியாத சூடு. பிளேடுக்கு அது போதும் என்றார் அண்ணன். "அதுக்கு நம்மள மாதிரி குளிரணும்னு இல்ல தம்பி, நனைஞ்சா சரி."

கம்பி வந்தால் அவர் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, கேட்டு. அலறல் ஒரு சுதி ஏறும். உடனே அழுத்தத்தைக் குறைப்பார்.

ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் கனம். கணக்குப் போட்டேன். ஏறக்குறைய ஒரு டன்! நான் கொட்டேஷனில் அதை "கழிவு அகற்றுதல்" என்று இரண்டே வார்த்தையில் எழுதியிருந்தேன். பதினைந்து துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொன்றும் அறுபத்தேழு கிலோ. நாலாவது துண்டை டிராலியில் ஏற்ற நானும் கை கொடுத்தேன். ஐந்தாவதற்குக் கூப்பிடவே இல்லை.

பன்னிரண்டரைக்குச் சட்டப்படி மதிய ஓய்வு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே விதி. விதியில் இருப்பது வெயிலும் திறந்தவெளியும். மெயினை அணைத்து ஏ.ஸி. இல்லாமல் கிடக்கிற வீட்டுக்குள் வெயில் இல்லை, வேகிற சூடு மட்டும் உண்டு. அண்ணன் அந்த வித்தியாசம் பார்க்காமல் மெஷினை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரப் பெரியவரே ஏ.ஸி. ஓடுகிற டிரைவர் அறையைத் திறந்துவிட்டார். சாப்பாடும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு, சுவர் இருந்த இடத்தில் வாசல். ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். கத்தியால் அல்வா வெட்டினமாதிரி!

கார்ப்பெட் சலவைச் செலவு, வேக்குவம், கூழை ஏற்றிப்போக இன்னொரு டிரிப் என்று அந்த வேலையில் லாபம் கரைந்து போனது. மேனேஜர் மோர் தரவில்லை.

மறுநாளே கொட்டேஷன் ஃபாரத்தில் 'தண்ணீர் விட்டு, கூழ் சேகரித்து' என்று ஒரு வரி அடித்துச் சேர்த்தேன். விலையும் கொஞ்சம் ஏறியது. அடுத்த வாரமே ஷார்ஜாவிலிருந்து ஒரு போன். "தண்ணியில்லாம செய்வீங்களா?" மாட்டோம் என்றேன். ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. அங்கேயும் யாராவது ஒரு அண்ணன் இருப்பார், என்ன செய்ய? மேனேஜர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, அந்த வரி இருக்கட்டும். ஆனா விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடு" என்றார்.

அண்ணனுக்கு அடுத்த மாதம் விசா மெடிக்கல். அன்றைக்கு நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன்.

"நீ எதுக்குப்பா வந்து வெட்டியா உக்காந்திருக்க? ஆபீஸ்ல லீவு கேக்காத" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"காலைல ஏழு மணிக்குத் தம்பி. வெறும் வயித்தோட வராத, அங்க கேன்டீன் கிடையாது."