பல்லியம் பயிலும் பிள்ளைகள்



மேடையில் ஏறத்தாழ 160 பேர் அமர்ந்திருக்கின்றனர். மூத்தவருக்கு வயது பத்தொன்பதைத் தாண்டாது, இளையவருக்குப் பதின்மூன்றுதான். எதிரே ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் நீள்வட்ட அரங்கு. ஓபோ என்னும் குழற்கருவியை ஏந்திய ஒருவர் ஒரே சுரத்தை நீளமாக ஊதுகிறார். நொடிக்கு ஏறத்தாழ 440 அதிர்வுகள் கொண்ட சுரம் அது. மற்றைக் கருவிகள் யாவும் அதனோடு சுருதி சேர்த்துக்கொள்கின்றன. பின்னர் அரங்கம் அடங்குகிறது. பிரிட்டனின் தேசிய இளைஞர் இசைக்குழு, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், கோடைக்காலத்துப் பிராம்ஸ் இசைவிழாவில் வாசிக்கத் தொடங்கும் கணம் இது. இந்தக் கணத்துக்கு அப்பிள்ளைகள் எவ்வாறு வந்து சேர்கிறார்கள் என்பதையே இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் நம் ஊர்த் திருமண வரவேற்பில் திரைப்பாடல் பாடும் குழு உங்கள் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது வேறு. வயலின், செல்லோ முதலிய நரம்புக் கருவிகள், புல்லாங்குழல் போன்ற குழல்கள், பித்தளை எக்காளங்கள், முழவுகள் ஆகிய நான்கு இனங்களும் ஒரே வேளையில் வெவ்வேறு வரிகளை இசைக்க, அவை கூடி ஒன்றாக எழுவதே மேனாட்டுப் பல்லியம். ஒவ்வொருவருக்கும் உரிய வரி முன்னரே எழுதப்பட்டிருக்கும். வாசிக்கும்போது தோன்றும் கற்பனையை இடையில் சேர்க்க அங்கே இடமில்லை.

பிராம்ஸ் விழாவுக்கும் அப்பெயர் கொண்ட செருமானிய இசைப் புலவருக்கும் தொடர்பு ஏதுமில்லை. உலாவுதல் என்னும் பொருள்படும் 'பிராமனேடு' என்ற சொல்லின் குறுக்கமே அது. இருக்கைக்குப் பணம் கொடுக்க இயலாதவரும் குறைந்த கட்டணத்தில் நின்றபடி உயர்ந்த இசையைக் கேட்க வேண்டும் என்று 1895-ஆம் ஆண்டில் ராபர்ட் நியூமன் என்பவர் இவ்விழாவைத் தொடங்கினார். நடத்துநராக இளைஞர் ஹென்றி வுட்டை அமர்த்தினார். முதலில் அது நடந்த குயின்ஸ் மண்டபம் 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் செருமானியர் வீசிய குண்டுகளால் அழிந்தது. அதன் பிறகே விழா ஆல்பர்ட் மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. நின்று கேட்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. மேடைக்கு நேர் கீழே, வாசிப்பவரின் விரலசைவு தெரியும் தொலைவில், இன்றும் நூற்றுக்கணக்கானோர் நிற்கின்றனர்.

இனி இக்குழுவின் பிறப்பைக் கூறுகிறேன். 1948-ஆம் ஆண்டு. போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் பிரிட்டனில் ரொட்டி பங்கீட்டில் கிடைத்த காலம். ரூத் ரெயில்டன் என்ற இசையாசிரியை, நாடெங்கும் உள்ள சிறந்த சிறுவர் சிறுமியரைத் திரட்டி ஒரு பல்லியம் அமைக்கப் புறப்பட்டார். ஊக்கமளித்தவரைவிடத் தடுத்தவரே மிகுதி. இசைத்துறையில் பெயர் பெற்றவர் சிலரும் அவர்களுள் இருந்தனர். அம்மையார் தளரவில்லை. தாமே பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் பாத் நகரில் முதல் கச்சேரி நிகழ்ந்தது. 1965 வரை அவரே குழுவை நடத்தினார்.

குழுவில் சேர்வது எளிதன்று. சேர்ந்தபின் நிலைப்பதும் எளிதன்று. முந்தைய ஆண்டு வாசித்தவரும் அடுத்த ஆண்டுக்கு மீண்டும் தேர்வுக்கு வந்து நிற்க வேண்டும். தேறியவர் பள்ளி விடுமுறைகளில், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கோடையிலும், ஓரிடத்தில் கூடித் தங்கிப் பயில்கின்றனர். முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதில்லை. கொம்பு ஊதுவோர் ஓர் அறையில், செல்லோ வாசிப்போர் வேறோர் அறையில் எனப் பிரிந்து, அக்கருவியில் தேர்ந்த கலைஞர் ஒருவரிடம் தத்தம் வரிகளைக் கற்கின்றனர். அதன் பின்னரே முழுக் குழுவும் ஒன்றுகூடும். என் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தியவன் நான். தத்தம் பள்ளியில் முதல்வராக விளங்கிய நூற்றறுபது பேரை ஒரே கூடத்தில் அமர்த்தி, ஒருவரும் தனித்துக் கேட்காதபடி வாசிக்கச் சொல்வது எத்துணைக் கடினம் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

சிறு சிறு செய்திகளிலே இந்த ஒழுங்கைக் காணலாம். வயலின் வாசிப்போர் இருவருக்கு ஓர் இசைத்தாள் பலகை. பக்கம் முடியும்போது உட்புறம் இருப்பவர் வாசிப்பை நிறுத்தித் தாளைப் புரட்டுவார். மற்றவர் இசை அறாமல் தொடர்வார். வில்லை மேலிழுப்பதா கீழிழுப்பதா என்பதும் அந்தப் பகுதியார் அனைவருக்கும் ஒன்றே. தாளக்கருவியாளரின் வேலையோ பெரும்பாலும் காத்திருப்பதே. டிவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' என்ற சிம்பனி நாற்பது நிமிடம் நிகழ்வது. அதில் கைத்தாளத்துக்கு உரிய அடி ஒன்றே ஒன்று. அந்த ஓர் அடிக்காக அடுக்கடுக்காக எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் ஐயாயிரம் பேரும் அறிவர்! பிற்காலத்தில் பெர்லின் பில்ஹார்மானிக் குழுவை 2002 முதல் 2018 வரை தலைமையேற்று நடத்திய சைமன் ராட்டில், சிறுவனாக இக்குழுவில் தாளக்கருவி வாசித்தவரே.

இன்னொரு தொல்லை இயற்கையால் வருவது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். முன்வரிசை வயலினுக்கும் பின்வரிசை முழவுக்கும் இடையே 17 மீட்டர் இருந்தால், ஒருவர் ஓசை மற்றவரை எட்ட நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அற்பம் என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு எட்டுச் சுரம் ஓடும் விரைவில் இது ஒரு சுரத்தின் நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே பின்னால் இருப்பவர் காதில் விழுவதை மட்டும் நம்பி வாசித்தால் பின்தங்குவர். நடத்துநரின் கோலைக் கண்ணால் பற்றிக்கொள்ள வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது காலை வழிபாட்டுப் பாடலில் கடைசி வரிசைப் பிள்ளைகள் எப்போதும் சற்றே பின்தங்கிப் பாடுவர். கவனமின்மை என்று அவர்களைப் பலமுறை கடிந்ததுண்டு. பிழையில் பாதி காற்றினுடையது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

ஆல்பர்ட் மண்டபம் இத்தொல்லையைப் பெருக்கும் இடம். 1871-இல் திறக்கப்பட்ட நாள் முதல் அதன் எதிரொலி பெயர் பெற்றது. அங்கே ஒரு பாடலை இருமுறை கேட்கலாம் என்று நகையாடினர். 1969-இல் மேற்கூரையிலிருந்து பெரிய வட்டத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகே அது தணிந்தது.

2012-ஆம் ஆண்டுக் கச்சேரி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்த கோடை அது. வாசிலி பெத்ரென்கோ நடத்துநர். அன்று இசைத்த உருப்படிகளுள் ஒன்று, ஆனா மெரிடித் என்பவர் இக்குழுவுக்கென்றே இயற்றிய 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ'. அதில் கருவிக்கு வேலையே இல்லை. வயலினையும் எக்காளத்தையும் விட்டுவிட்டுக் கைதட்டியும் காலால் உதைத்தும் வாயால் தாளமிட்டும் பாடியும் பிள்ளைகள் தம் உடலையே வாத்தியமாக்கினர். கருவி மறைந்தபோது எஞ்சியது ஒருவரோடொருவர் கொண்ட இசைவு மட்டுமே. அதை மறைக்க அங்கே எதுவுமில்லை.

தொடர்ந்து அவர்கள் வாசித்தது பிரெஞ்சுக்காரர் ஒலிவியே மெசியானின் 'துரங்கலீலா' சிம்பனி. பெயர் உங்களுக்குப் பழகியதாகத் தோன்றுகிறதன்றோ? துரங்கம் என்றால் குதிரை. லீலை என்றால் விளையாட்டு. குதிரையின் பாய்ச்சலாக ஓடும் காலம் என்று மெசியான் அதற்குப் பொருள் கொண்டார். சாரங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்கள் கூறப்படுகின்றன. அவற்றைக் கற்று மெசியான் தம் இசையில் ஆண்டார். சில இடங்களில் மூன்று தாள உருக்களை உடன் நிறுத்தி, ஒன்றை வளரவும் ஒன்றைத் தேயவும் ஒன்றை மாறாதிருக்கவும் செய்தார். நம் தாள நூலார் ஆறுபோல் விரிவதை ஸ்ரோதோவக யதி என்றும், பசுவின் வால்போல் குறுகுவதைக் கோபுச்ச யதி என்றும் கூறுவதை இது நினைவூட்டும். பத்துப் பகுதிகள், ஏறத்தாழ எண்பது நிமிடங்கள் கொண்ட அந்தச் சிம்பனியை அவர் எழுதி முடித்ததும் 1948-இல்தான். ரெயில்டன் அம்மையார் குழுவைத் தொடங்கிய அதே ஆண்டு. வயதில் முதிர்ந்த குழுக்களே அஞ்சித் தொடும் அந்த இசையைப் பள்ளிப் பிள்ளைகள் கையிலெடுத்தனர்.

கோடைக் கச்சேரியோடு குழுவின் ஆண்டு முடிகிறது. வயது வரம்பை எட்டியவருக்கு அதுவே கடைசி மேடை. எல்லோரும் இசைக் கலைஞர் ஆவதில்லை. வேறு படிப்புக்கும் வேறு தொழிலுக்கும் செல்வோர் உண்டு. கருவிப் பெட்டிகளைச் சுமந்து அவரவர் ஊருக்குத் திரும்புகின்றனர். எஞ்சியவர்கள் சில மாதங்களில் மீண்டும் தேர்வுக்கு வருவர். அவர்களோடு, முதன்முறையாக, பதின்மூன்று வயதுக் குழந்தை ஒன்றும் தன் முறைக்காகக் கதவுக்கு வெளியே காத்திருக்கும்.