விதை நெல்லில் அந்து

விதை நெல் மூட்டையைத் தட்டும்போது சிறு அந்துகள் பறப்பதை உழவர் பெருமக்கள் பலரும் கண்டிருப்பீர்கள். பறக்கும் அந்து நெல்லைத் தின்பதில்லை. தின்னும் வேலையை அதன் புழு மணிக்குள்ளேயே முடித்துவிட்டது. ஆகவே, இப்பூச்சியை அறிந்து முன்கூட்டியே தடுப்பது அவசியம்.

அடையாளம்

நெல் அந்துப்பூச்சியின் அறிவியல் பெயர் சைட்டோட்ரோகா சீரியலெல்லா. இது வைக்கோல் நிறமுடையது. இறக்கைகளை விரித்தால் 11 முதல் 16 மி.மீ. அகலமே இருக்கும். பின் இறக்கையின் நுனி விரல்போல் கூர்ந்து, ஓரத்தில் நீண்ட மயிர்களுடன் காணப்படும். அரிசியிலும் குருணையிலும் காணும் அந்து வேறு. அது சற்றுப் பெரியது. சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையது. அதன் புழு மணிகளை நூலாம்படையால் பிணைக்கும். நெல் அந்தின் புழு அவ்வாறு பிணைப்பதில்லை.

வாழ்க்கை

தாய் அந்து நெல்லின் மேல் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடும். வெண்மையான முட்டை பிறகு சிவந்துவிடும். பொரித்த புழு, உமியின் வெடிப்பு அல்லது இடுக்கு வழியே உள்ளே புகும். பெரும்பாலும் ஒரு மணிக்கு ஒரு புழுதான். அரிசியையும் முளையையும் தின்று வளர்ந்து, கூண்டுப்புழுவாகும் முன் மெல்லிய வட்டமான மூடி ஒன்றை விட்டுவைக்கும். அதைத் தள்ளிக்கொண்டு அந்து வெளிவரும். முட்டை முதல் அந்து வரை ஏறத்தாழ 5 வாரங்கள் ஆகும்.

செய்ய வேண்டியவை

இந்த அந்து சேமிப்பு அறையிலிருந்து வயலுக்குப் பறந்து சென்று, முற்றும் கதிரிலும் முட்டையிடும். எனவே, முற்றிய பயிரைத் தாமதமின்றி அறுவடை செய்யுங்கள். புது நெல் வருமுன் பத்தாயத்தையும் சாக்குகளையும் பழைய மணியின்றிச் சுத்தம் செய்யுங்கள். விதை நெல்லை ஈரப்பதம் 13 சதவீதத்திற்கு மிகாமல் காயவைத்து, ஆறிய பின் கட்டுங்கள்.

குவியலின் ஆழத்தில் அந்தால் நுழைய இயலாது. சேதம் பெரும்பாலும் மேலே ஓரடிக்குள்தான் இருக்கும். ஆகவே, 15 நாட்களுக்கு ஒரு முறை மேல்மணிகளில் ஒரு கைப்பிடி எடுத்து வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை கண்டால் அந்த மேல் பகுதியை உடனே அகற்றிவிடுங்கள். எஞ்சிய நெல்லில் 100 மணிகளை ஈரச் சாக்கில் முளைக்கவைத்துச் சோதித்த பின்னரே நாற்றங்காலுக்குக் கொண்டு செல்லுங்கள்.